பூதக்கண்ணாடிக்குக் காணாமல் போன நாள்

பூதக்கண்ணாடி என்ற பேர் எங்கள் வீட்டில் முதன்முதலாகக் காதில் விழுந்தது எலக்ட்ரீசியனுக்குக் கல்யாணப் பேச்சு எடுத்த காலத்தில். எலக்ட்ரீசியன் என்றால் வேற்றாள் இல்லை. எங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு சித்தப்பா இருந்தார். இரண்டு தாரம் கட்டியவர். இளைய தாரத்து மகனுக்கு மூன்று பையன்கள். அதில் கடைக்குட்டிதான் இவன், எங்களுக்கு மகன் முறை. அவனுக்குப் பெண் தேடி ஆளுக்கொரு பக்கம் அலைந்துகொண்டிருந்தபோது, நீங்கள் யாரும் அலைய வேண்டாம், நான் வேலை பார்க்கிற துணி மில்லிலேயே ஒரு பெண் இருக்கிறது என்றான். எந்தப் பெண் என்று கேட்டதற்குத் தலையைச் சொறிந்துகொண்டு, "பூதக்கண்ணாடின்னு கேட்டா வாட்ச்மேன்கூடச் சொல்வாரு" என்றான்.

பெரியவர்களுக்கு முகம் சுருங்கிவிட்டது. சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட பெண்ணாக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள். நேரில் போய்ப் பார்த்தால் அவள் கண்ணாடியே போடவில்லை. சின்ன முகம், பெரிய கண். வாய் அதிகம் பேசாது, கண்தான் பேசும். வந்தவர்களை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரு தரம் பார்த்தாள். பிறகு மாமனாராக வரப்போகிறவரிடம் தணிந்த குரலில், உங்கள் சட்டையில் கடைசிப் பொத்தானை மட்டும் வேறு நூலில் தைத்திருக்கிறார்கள் என்று சொன்னாள். அவர் குனிந்து பார்த்தார். வருஷக்கணக்காகப் போடுகிற சட்டை. அவருக்கும் தெரியாது, அதைத் துவைத்துத் தேய்த்துக் கொடுத்த அவர் மனைவிக்கும் தெரியாது. அந்த இடத்திலேயே அவருக்குப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று. மாமியார்தான் தன் புடவைத் தலைப்பை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார்.

அவள் பார்த்த வேலை அப்படி. மில்லில் நெய்கிற துணி வெளியே போவதற்கு முன்னால் ஒரு ஆள் கண்ணால் பார்த்தாக வேண்டும். அதற்குச் செக்கிங் என்று தனியாக ஒரு பிரிவு. சாய்த்து வைத்த கண்ணாடி மேஜை, அடியில் டியூப்லைட். மேலே உருளையிலிருந்து துணி இறங்கி மேஜைமேல் வழுக்கிக்கொண்டு வந்து கீழே இன்னொரு உருளையில் சுற்றிக்கொள்ளும். முன்னால் நிற்கிறவள் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு, அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்குக் கண்ணை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இழை விட்டுப்போயிருக்கும், முடிச்சு விழுந்திருக்கும், எண்ணெய்ச் சொட்டு இருக்கும். கண்டால் காலால் பெடலை மிதித்துத் துணியை நிறுத்தி, கரையில் ஒரு சிவப்புச் சீட்டை ஒட்டிவிட்டு மறுபடி ஓட விடுவாள். மற்றவர்கள் கண் எரிகிறது, தலை சுற்றுகிறது என்று நடுவே நடுவே போய் முகம் கழுவி வருவார்கள். இவள் நின்ற இடத்தில் நிற்பாள். ஒரே ஒரு விசித்திரம், வெள்ளைத் துணி வந்தால் மட்டும் பக்கத்து மேஜைக்காரியிடம் தள்ளிவிட்டு அவளுடையதை வாங்கிக்கொள்வாள். ஏன் என்று கேட்டால் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்பாள். வெள்ளை என்றால் பூதமே ஓடிப்போகும் என்று செக்கிங் பிரிவில் கேலி பேசுவார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

கல்யாணமாகி வந்த பிறகுதான் மற்றதெல்லாம் எலக்ட்ரீசியனுக்குத் தெரிந்தது. அவள் போர்வை போர்த்த மாட்டாள். குளிரில் உடம்பு நடுங்கினாலும் இரண்டு சட்டை போட்டுக்கொண்டு படுப்பாளே தவிர, கழுத்து வரைக்கும் துணியை இழுத்துக்கொள்ள மாட்டாள். பக்கத்தில் ஆள் தூங்கினால் அவளுக்குத் தூக்கம் வராது. ஒருக்களித்துப் படுத்து அவன் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருப்பாள். மூச்சு கொஞ்சம் மெல்லமாகப் போனால் விலாவில் ஒரு குத்து.

"ஏங்க, இருக்கீங்களா?"

ஆரம்பத்தில் அவனும் விளையாட்டாக எடுத்துக்கொண்டான். நாள் முழுக்கக் கம்பத்தில் ஏறி இறங்கி வந்த அலுப்பில் ஒருமுறை, "போனா சொல்லிட்டுத்தான் போவேன், படு" என்று சொல்லிவிட்டான். அவள் எழுந்து போய்ச் சமையலறைத் தரையில் உட்கார்ந்துகொண்டாள். பிறகு பல நாள் அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்கப்புறம் அவன் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டான். படுத்ததும் பாதத்தை மெதுவாக ஆட்டிக்கொண்டே கிடப்பான், அவள் கண் அசந்த பிறகுதான் நிறுத்துவான். வருஷம் ஆக ஆகத் தூக்கத்திலேயே அவன் கால் தானாக ஆட ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்கு வந்து தங்கிய உறவுக்காரர்கள் இவனுக்கு நரம்பில் ஏதோ கோளாறு என்று சொல்லிக்கொண்டார்கள். அவன் யாரிடமும் விளக்கம் சொல்லப் போகவில்லை.

அவளுக்கு ஏழு வயதில் அம்மா இறந்துபோனாள். அதுவரைக்கும் எல்லாருக்கும் தெரியும். தெரியாதது வேறு.

அப்பா லாரி ஓட்டுகிறவர், போனால் திரும்பி வர நாளாகும். அக்கா இவளைவிட ஐந்து வயது பெரியவள், அந்த நேரம் அத்தை வீட்டில் இருந்தாள். வீட்டில் அம்மாவும் இவளும் மட்டும். ஒரு சாயங்காலத்திலிருந்து மறுநாள் மத்தியானம் வரைக்கும் அந்த வீட்டுக் கதவு திறக்கவில்லை. லாரியை விட்டு இறங்கி வந்த அப்பா தட்டிப் பார்த்துவிட்டு, தோளால் இடித்துக் கதவை உடைத்தார். அம்மா கட்டிலில் கிடந்தாள், கழுத்து வரைக்கும் வெள்ளை விரிப்பு போர்த்தியிருந்தது. உடம்பு சில்லிட்டுப்போயிருந்தது. பக்கத்தில் இவள் நின்றுகொண்டிருந்தாள், பள்ளிக்கூட உடுப்போடு. இதெல்லாம் அக்கா சொல்லித் தெரிந்தது. அக்காவுக்கு அப்பா சொல்லித் தெரிந்தது.

அவளாக நினைத்துப் பார்த்தால் இவ்வளவுதான் வரும். பள்ளிக்கூடம் விட்டுத் தெரு முனையில் செருப்பு வார் அறுந்து, அதைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தது. அடுத்தது அத்தை வீட்டு மாடிப்படியில் யாருடைய பெரிய சட்டையையோ போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க, அக்கா தலை வாரி விட்டது. இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. மில்லில் துணி அறுந்துபோனால் இரண்டு துண்டையும் நுனிக்கு நுனி சேர்த்துத் தைத்துவிடுவார்கள், உருளையில் அது ஒரே துணியாகத்தான் ஓடும். தனக்கும் அப்படி ஒரு இடத்தில் தையல் போட்டிருக்கிறது என்று எலக்ட்ரீசியனிடம் ஒருமுறை சொன்னாள். எவ்வளவு நீளம் வெட்டி எறிந்தார்கள் என்று மட்டும் தெரியவில்லை.

மறந்துபோனதே நல்லது என்றுதான் வீட்டில் எல்லாரும் இருந்தார்கள். யாரும் அவளிடம் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. ஆனால் பெரியவளான பிறகு ஒரு நாள், குடிவந்த புது வீட்டுக் கதவுக்கு அப்பா எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். தாழ்ப்பாளை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டே தனக்குத்தானே பேசுகிற மாதிரி, "அதுவும் எட்டுற உயரத்துலதான் இருந்துச்சு. ஒரு தடவை திறந்திருந்தா..." என்றார். திரும்பினால் பின்னால் இவள் நிற்கிறாள். அவர் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவே இல்லை, அப்படியே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அந்த அரைவாக்கியம்தான் அவள் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. தாழ்ப்பாள் எட்டும். பால் வாங்க, விளையாடப் போக, தினமும் அவள் திறந்த தாழ்ப்பாள்தான். அன்றைக்கு ஏன் திறக்கவில்லை? அம்மா உடனே போயிருந்தால் வேறு. மெல்ல மெல்லப் போயிருந்தால்? நான் அங்கே நின்று என்ன செய்துகொண்டிருந்தேன்? கேட்டால் பதில் சொல்ல வேண்டியவள் அவள் ஒருத்திதான். அவளுக்குத்தான் ஒன்றும் தெரியாதே.

இப்படியே காலத்தை ஓட்டியிருப்பாள். அக்கா விழுந்ததுதான் வந்த வினை.

அம்மா இடத்திலிருந்து இவளை வளர்த்தவள் அக்கா. பன்னிரண்டு வயதுப் பெண் ஏழு வயதுப் பெண்ணுக்குச் சோறு ஊட்டி, பேன் பார்த்து, வாய் திறக்காமல் மாதக்கணக்கில் கிடந்த பிள்ளையைத் திரும்பப் பேசவும் வைத்தாள். தன் கல்யாணத்தைக்கூட இவளுக்கு ஒரு வேலை கிடைக்கிற வரைக்கும் தள்ளிப்போட்டாள். அந்த அக்காவுக்கு ஒரு காலை நேரம் வலது கை, வலது கால் இரண்டும் விழுந்துவிட்டன. பேச்சும் குழறல். புருஷன் முன்னாலேயே போய்விட்டார். பார்த்துக்கொள்ள மகள் ஒருத்தி, மருந்துக்கடையில் வேலை. காலையும் ராத்திரியும் அவள் பார்த்துக்கொள்வாள். மத்தியானம் மட்டும் சித்தி வந்து இருந்தால் போதும் என்று கேட்டாள். பூதக்கண்ணாடி உடனே சரி என்றாள். மில்லில் காலை ஷிப்டு வாங்கிக்கொண்டு, முடிந்ததும் பஸ் ஏறிப் போனாள்.

முதல் நாள் கதவு நிலை வரைக்கும் போனாள். ஜன்னலோரக் கட்டிலில் அக்கா படுத்திருந்தாள், கழுத்து வரைக்கும் வெள்ளை விரிப்பு. பூதக்கண்ணாடியின் கண் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஓட ஆரம்பித்தது. விரிப்பு ஏறுகிறதா, இறங்குகிறதா? உள்ளங்கால் சில்லென்று ஆயிற்று. தண்ணீர், டீ, மருந்து என்று அக்கா கேட்டதையெல்லாம் எட்டி நின்று கையை மட்டும் நீட்டிக் கொடுத்தாள். நாற்காலியை வாசலுக்கு வெளியே போட்டு உட்கார்ந்து நேரத்தைத் தள்ளினாள். அப்படியே சில நாள் ஓடியது. பிறகு ஒரு நாள் தம்ளரை வாங்குகிற அக்கா, தம்ளரை விட்டுவிட்டு இவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நல்லாயிருந்த இடது கையால். பக்கத்தில் உட்காரேன் என்று சொல்ல வந்திருப்பாள், பாவம்.

அடுத்து அவளுக்கு நினைவு தெரிந்தபோது பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள். செருப்பு இல்லை, பை இல்லை. எப்படி வந்தாள் என்றும் தெரியவில்லை. திரும்பிப் போகக் கால் வரவில்லை. அங்கேயே நின்றாள்.

பொழுது சாய்ந்து மகள் வீட்டுக்கு வந்தபோது தண்ணீரெல்லாம் விரிப்பில் கொட்டி, அக்கா நனைந்து கிடந்தாள், தொண்டை கட்டிப்போகிற வரைக்கும் கூப்பிட்டிருக்கிறாள். பூதக்கண்ணாடி செருப்புக்காகத் திரும்பி வந்து நின்றாள். மகள் சத்தம் போடவில்லை. செருப்பை எடுத்து வாசலில் ஜோடியாக வைத்தாள்.

"சித்தி, துணியில ஒரு இழை போனா உங்க கண்ணுக்குத் தெரியுது. எங்கம்மா கிடக்கறது தெரியலையா? முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிருக்கலாம். நான் வேற ஆளைப் பார்த்துருப்பேன்."

பூதக்கண்ணாடி குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். ஒன்றுக்கு இரண்டாக ஆகிவிட்டதே என்றுதான் அவளுக்கு ஓடியது. அன்றைக்கு அம்மா, இன்றைக்கு அக்கா. நான் நின்ற இடத்திலெல்லாம் ஆள் தனியாகக் கிடக்கிறது.

வீட்டுக்கு வந்து எலக்ட்ரீசியனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா போவதற்குள் ஒரு நாளாவது அந்தக் கட்டில் பக்கத்தில் உட்கார வேண்டும், அது நடக்காமல் போனால் நான் மனுஷியே இல்லை என்றாள். எலக்ட்ரீசியன் அறிவுரை சொல்லிப் பழக்கமில்லாதவன். மில் மருத்துவ அறையில் இருந்த நர்ஸிடம் போய் விசாரித்தான். இதற்கென்று ஆலோசகர்கள் இருக்கிறார்கள், கண்ணை ஓட்டச் சொல்லி ஒரு சிகிச்சை செய்வார்கள் என்று நர்ஸ் ஒரு முகவரி கொடுத்தாள். கண்ணை ஓட்டுவதா, அதைத்தானே இவள் சம்பளத்துக்கே செய்கிறாள் என்றானாம் எலக்ட்ரீசியன்.

ஆலோசகரின் அறை ஒரு புத்தகக் கடைக்கு மேல் மாடியில். இரண்டு நாற்காலி, ஒரு மேஜைவிளக்கு, துடைத்துக்கொள்ளக் காகிதக் கைக்குட்டை. ஆலோசகர் நடுவயதுப் பெண். நான் டாக்டர் இல்லை என்று அவர் எத்தனை முறை சொன்னாலும் இவள் டாக்டரம்மா என்றே கூப்பிட்டாள். எலக்ட்ரீசியன் போன முதல் வேலையாக, இது மயக்கி வைத்துப் பேச வைக்கிற வேலையா, அப்படியென்றால் நான் ஒளித்து வைத்திருக்கிற சிகரெட் விஷயமும் வெளியே வருமா என்று கேட்டான். மயக்கமெல்லாம் இல்லை, இவர் முழு நினைவோடுதான் இருப்பார், வேண்டாம் என்று கை காட்டினால் அந்த நொடியே நிறுத்திவிடுவேன் என்று ஆலோசகர் சொன்னார். சிகரெட் விஷயம் அப்போதே வெளியே வந்துவிட்டது.

வருத்துகிற நினைவில் ஒரு துளியை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆலோசகர் முகத்துக்கு முன்னால் விரலை இப்படியும் அப்படியும் அசைப்பார், கண் அதன் பின்னால் போக வேண்டும். கொஞ்ச நேரம் செய்து நிறுத்தி, என்ன வந்தது என்று கேட்பார். வந்ததை வந்தபடி சொன்னால் போதும். பழைய நினைவுக்குள் முழுகிப்போகாமல், ஒரு கால் அங்கேயும் ஒரு கால் இந்த அறையிலுமாக நின்று அதைப் பார்த்துக் கடப்பதற்கான வழி இது என்றார்.

"எனக்கு நினைவே இல்லையே டாக்டரம்மா. எதை வச்சுக்கறது?"

"நினைவு இல்லாட்டிப் பரவாயில்லை. உள்ளங்கால் சில்லுன்னு ஆச்சுன்னு சொன்னீங்கல்ல, அது போதும். உங்க உடம்பு எதை மறக்கலையோ அங்கேருந்து ஆரம்பிக்கலாம்."

இன்னொன்றும் சொல்லிவிட்டார். தொலைந்த நாள் திரும்பக் கிடைக்கும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. ஏதாவது வந்தாலும் அது நடந்ததுதான் என்று சாட்சி வைக்க முடியாது. மனது நாலு இடத்துத் துணியைச் சேர்த்து ஒன்றாகத் தைத்தும் காட்டும். நாம் பார்க்கப்போவது பயம் குறைகிறதா என்பதை மட்டும்தான். அவள் தலையாட்டினாள். உள்ளுக்குள் மட்டும், கதவு விஷயம் தெரிந்தால் போதும் என்றுதான் இருந்தது.

எடுத்த எடுப்பில் விரலை ஆட்டிவிடவில்லை. பல வாரம் மூச்சு விடவும், கலங்கினால் நிலைக்கு வரவும் பழக்கினார். மனதில் பத்திரமான இடம் ஒன்றைத் தேடச் சொன்னார். மற்றவர்கள் ஆற்றங்கரை, தோட்டம் என்று ஏதாவது சொல்வார்களாம். இவள் சாப்பாட்டு நேரத்தில் இயந்திரம் எல்லாம் நின்றுபோன செக்கிங் பிரிவைச் சொன்னாள். துணி ஓடாது, யாரும் படுத்திருக்க மாட்டார்கள்.

பிறகு விரல் வந்தது. உள்ளங்கால் குளிரை மனதில் வைத்துக்கொண்டு, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குக் கண்ணை ஓட்டினாள். ஆலோசகர் நிறுத்தி, என்ன வந்தது என்று கேட்டார்.

"மோதிர விரல் நகத்துல ஒரு கீறல் இருக்கு."

சரி, மறுபடி. இன்னொரு சுற்று ஓட்டிவிட்டுக் கேட்டால், வலது பக்கம் போகும்போது உங்கள் கை கொஞ்சம் இறங்குகிறது என்றாள். அதற்கடுத்த சுற்றில் சட்டைக் கையில் ஒரு நூல் பிரிந்திருப்பதைச் சொன்னாள். அடுத்த முறை வந்தபோதும் அதே கதைதான். அவள் வேண்டுமென்று செய்யவில்லை. கண் ஓட ஆரம்பித்தால் அவளுக்குக் குறை தேடத்தான் தெரியும். காலையிலிருந்து மாலை வரைக்கும், வருஷக்கணக்காக, கரைக்குக் கரை கண்ணை ஓட்டி ஓட்டி, அந்த ஓட்டத்துக்குள்ளேயே அவள் ஒரு குடிசை போட்டுக்கொண்டு ஒளிந்திருந்தாள். அங்கே துணியைத் தவிர வேறொன்றும் உள்ளே வர முடியாது. சிகிச்சைக்குத் திறக்க வேண்டிய வாசலையே அவள் தொழில் சுவராக்கி வைத்திருந்தது.

ஆலோசகர் முதலில் சிரித்துவிட்டார், சிரித்த பிறகுதான் யோசித்தார். அன்றோடு விரலை விட்டுவிட்டார். கண்ணுக்குப் பதில் கையிலும் இதைச் செய்யலாம், இரண்டு பக்கமும் மாறி மாறி அசைவு கிடைத்தால் சரி என்று சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கைகளையும் மார்பில் குறுக்காக வைத்துத் தோளை மாற்றி மாற்றித் தட்டச் சொன்னார். கண்ணை மூடச் சொன்னதுதான் அவளுக்குப் பெரிய பாடாக இருந்தது. விழித்திருக்கும்போது ஆள் முன்னால் கண்ணை மூடிப் பழக்கமில்லை.

தட்டினாள். வலது, இடது, வலது, இடது.

படம் எதுவும் வரவில்லை. உள்ளங்கால் குளிர் முழங்கால் வரைக்கும் ஏறியது. தரை, சிமெண்டுத் தரை. அப்புறம் ஒரு வாசம், ஈரத் துணி வாசம். பிறகு எங்கேயோ தண்ணீர்க் குழாய் சொட்டுகிற சத்தம். ஒவ்வொரு வாரமும் இப்படி ஒவ்வொரு துணுக்கு. சில நாள் அழுதாள், சில நாள் கொட்டாவியாக வந்தது. வீட்டில் திடீர் திடீரென்று கனவு. எலக்ட்ரீசியன் கால் ஆட்டுவதை இன்னும் கொஞ்சம் நீட்டிக்க வேண்டியதாயிற்று. அக்கா வீட்டுக்குத் தினமும் போனாள். மகள் வேறு ஆள் வைத்துவிட்டாள். இவள் வாசலுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே இருக்கிற அக்காவிடம் மில் கதை பேசுவாள். உள்ளே போகவில்லை. அக்கா இளைத்துக்கொண்டே வந்தாள்.

ஒரு நாள் தட்டிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். இடது மணிக்கட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"யாரோ பிடிச்சிருக்காங்க. இறுக்கமா. விடலை."

முகம் அப்படியே மலர்ந்து வந்தது என்று ஆலோசகர் பின்னால் எலக்ட்ரீசியனிடம் சொன்னாராம். அம்மா பிடித்திருந்தாள். அதனால்தான் கதவுக்குப் போக முடியவில்லை. கையை உதறிக்கொண்டு எந்தப் பிள்ளை போகும்? பல வருஷத்துக் கேள்விக்கு அவள் உடம்பே பதில் சொல்லிவிட்டது. அன்றைக்கு மாடிப்படி இறங்கும்போது அவள் கால் தரையில் படவில்லை. எலக்ட்ரீசியனிடம் சொல்லிச் சொல்லி அழுதாள், சிரித்தாள். போர்வையை எடுத்து இடுப்பு வரைக்கும் போர்த்திக்கொண்டு தூங்கினாள்.

மறுநாள் மில்லில் துணி ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் பெடலை மிதித்து நிறுத்தினாள். துணியில் குறை ஒன்றும் இல்லை. அவள் மட்டும் மணிக்கட்டைப் பார்த்தபடி நின்றாள். பக்கத்து மேஜைக்காரி, "என்ன பூதம், வாட்ச் தொலைஞ்சிருச்சா?" என்றாள். இவள் துணியை மறுபடி ஓட விட்டாள்.

அடுத்த முறை ஆலோசகர் முன்னால் உட்கார்ந்ததும் அதைத்தான் சொன்னாள்.

"டாக்டரம்மா, அது அம்மா கை இல்லாமலும் இருக்கலாம். அன்னைக்கு அக்கா பிடிச்சாங்கல்ல, அதுவும் இதே கைதான். இதே இடம்தான்."

ஆலோசகர் தலையை அசைத்தார். இருக்கலாம் என்றார். அம்மாவாகவும் இருக்கலாம், அக்காவாகவும் இருக்கலாம், இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டியும் இருக்கலாம். பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது, யாராலும் ஆகாது என்றார். பூதக்கண்ணாடி அப்படி அழுது அந்த அறை பார்த்ததில்லை. கிடைத்த ஒரே பதிலை அவளே சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்பிவிட்டாள். பார்க்காத மாதிரி விட்டிருக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது? அவளுக்கு அப்படி விடத் தெரியாது.

அழுது ஓய்ந்த பிறகு ஆலோசகர் மறுபடி தோளைத் தட்டச் சொன்னார். தட்டிக்கொண்டிருக்கும்போதே கேட்டார். யார் கையும் பிடிக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஏழு வயதுப் பிள்ளை, எழுப்பினால் எழாத அம்மா பக்கத்தில் ஒரு ராத்திரி பூராவும் தனியாக நின்றிருக்கிறது. கதவைத் திறக்கவில்லை. வேறு யாரோ பெற்ற பிள்ளை அது. அது பண்ணியது குற்றம் என்று உங்களிடம் வந்து ஒருத்தர் சொன்னால் என்ன சொல்வீர்கள்?

தட்டுகிற கை நிற்கவில்லை. கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"ஏழு வயசுப் பிள்ளைய ராத்திரி ஷிப்டுல தனியா நிக்க வச்சது யாருன்னு கேப்பேன்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது தன் காதில் விழுந்தது. கை நின்றுபோயிற்று. பெரியவர்கள் அத்தனை பேர் இருந்தார்கள். அப்பா, அத்தை, அத்தை புருஷன், அக்கம்பக்கத்தார். அவர்கள் மேல் அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அந்தப் பிள்ளையின் மேல் அவள் இத்தனை வருஷம் வைத்திருந்த கோபம்தான் பிடி தளர்ந்தது. பள்ளிக்கூட உடுப்போடு, செருப்பில்லாமல், சிமெண்டுத் தரையில் நிற்கிற பிள்ளை. கால் எப்படிச் சில்லிட்டிருக்கும் என்றுதான் அவளுக்கு ஓடியது.

அந்த வாரத்திலேயே ஒரு மத்தியானம் அக்கா வீட்டு வாசலில் நாற்காலியைப் போட்டவள், அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். உள்ளங்கால் குளிரத்தான் செய்தது. விரிப்பு வெள்ளையாகத்தான் இருந்தது. அக்கா கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தாள். குழறிய பேச்சில் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, இன்றைக்கும் ஓடிப்போவாயா என்று கேட்டாள்.

"பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு. கொஞ்சம் தள்ளிப் படு, காலை நீட்டிக்கறேன்."

அக்கா சிரித்தாள், ஒரு பக்க உதட்டால். கையை நீட்டினாள். பூதக்கண்ணாடி அந்தக் கையைத் தானாகவே எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மகள் வேலை முடிந்து வந்தபோது இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள், அக்கா தூக்கத்தில், இவள் விழித்தபடி. மகள் பையை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். டீ போட்டு வந்து சித்தி கையில் கொடுத்தாள்.

பேய் பிடித்தது விட்டுப்போன மாதிரி எல்லாம் விலகிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்து எலக்ட்ரீசியனிடம் சொன்னாள். அக்கா கண் அயர்கிற நேரம் பார்த்து, கட்டிலுக்கு அந்தப் பக்கம் அந்த ஏழு வயதுப் பிள்ளை வந்து நிற்கிறதாம். கண்ணால் பார்ப்பதில்லை, நிற்கிறது என்று மட்டும் தெரிகிறது. ஒன்றும் பேசுவதில்லை. கேட்டாலும் அந்த நாளைப் பற்றிச் சொல்வதில்லை. முன்பெல்லாம் அது வந்தால் நான் ஓடிவிடுவேன், இப்போது அது இருந்துவிட்டுப் போகட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன் என்றாள். எலக்ட்ரீசியன் இதற்கு என்ன சொல்வான்? உனக்குப் பயமாக இல்லையா என்று மட்டும் கேட்டான். பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதற்கு என்னைவிடப் பயமாக இருக்கும் இல்லையா என்றாள்.

ஆலோசகரிடம் போவதை இப்போது மாதம் ஒருமுறையாகக் குறைத்துக்கொண்டாள். அக்கா உயிரோடுதான் இருக்கிறாள், இன்னும் இளைத்துவிட்டாள். இத்தனை வருஷமாகக் காணாமல் போன அந்த நாள் கிடைக்கவில்லை, கதவு ஏன் திறக்கவில்லை என்பதும் தெரியவில்லை. பூதக்கண்ணாடி மில்லில் காலை ஷிப்டு பார்க்கிறாள், மத்தியானத்துக்குமேல் அக்கா வீட்டில் அந்தக் கட்டில் பக்கத்து நாற்காலியில் இருக்கிறாள்.